இரவுக்கு ஓர் இடம்: அமெரிக்க நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிள் பயணிகளின் தங்கல் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சாலையோர விடுதிகளைப் பற்றிய நூல்களில் பெரும்பாலானவை அவற்றின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் மோட்டார் காரோடு இணைத்தே விளக்குகின்றன. விடுதிகள் காருக்காகவே கட்டப்பட்டன என்பதால் அது இயல்பானதே. ஆயினும் அந்த வரலாற்றில் எங்கெங்கே ஓட்டை இருந்தது என்பதை அறிய வேண்டுமானால், அதே சாலைகளில் சென்ற மோட்டார் சைக்கிள் பயணியைப் பின்தொடர்வதே நல்ல வழி. காரில் செல்பவர் அறை கிடைக்காத இரவில் பின்னிருக்கையில் முடங்கியாவது விடியலைப் பார்க்கலாம். இருசக்கர வண்டியில் செல்பவருக்கோ தலைக்கு மேல் கூரையும் இல்லை, போர்வையும் கூடாரமும் தாராளமாக ஏற்றிச் செல்ல இடமும் இல்லை, மழையும் தூசியும் நேராக அவர் மேலேயே விழுகின்றன. மேலும், இரவில் தங்குவதற்கு ஒரு கட்டில் எங்கோ இருப்பது மட்டும் போதாது. அது எந்த ஊரில் இருக்கிறது என்பது முன்னரே தெரிய வேண்டும், அங்கே போய்ச் சேரும்வரை அது காலியாக இருக்க வேண்டும், கதவைத் தட்டுபவர் யாராக இருந்தாலும் அது திறக்கப்படவும் வேண்டும். இத்தேவைகள் ஒரே காலத்தில் நிறைவேறவில்லை.

அமெரிக்கக் கண்டத்தை இயந்திர வண்டியில் முதன்முதலாகக் குறுக்கே கடந்தவர் கார் ஓட்டியவர் அல்லர்; ஜார்ஜ் வைமன் என்ற மோட்டார் சைக்கிள்காரர். ஒன்றேகால் குதிரைத்திறன் கொண்ட ‘கலிபோர்னியா’ வண்டியில் 1903 மே 16 அன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பிய அவர், ஐம்பத்தோரு நாள் கழித்து ஜூலை 6 அன்று நியூயார்க்கை அடைந்தார். இடையில் எஞ்சின் பழுதாகிவிட, கடைசித் தொலைவை மிதிகட்டையை மிதித்தே கடக்க வேண்டியிருந்தது. மேற்கு மாநிலங்களில் அன்று சாலை என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு என்பதால், அவர் தண்டவாளங்களுக்கு இடையில் பதிக்கப்பட்ட மரக்கட்டைகளின் மேலேயே நெடுந்தொலைவு வண்டியைக் குலுங்கக் குலுங்க ஓட்டினார். இதன் பயனாக அவருடைய இரவுகளும் ரயில்வேயின் கணக்கிலேயே அமைந்தன. நெவாடா போன்ற வறண்ட பகுதிகளில், தண்டவாளத்தைப் பராமரிக்கும் தொழிலாளர் குழுக்களுக்காக ரயில்வே நிறுவனங்கள் ஆங்காங்கே கட்டியிருந்த குடியிருப்புகளே உணவும் படுக்கையும் கிடைக்கக்கூடிய இடங்களாக இருந்தன. அவை வழிப்போக்கருக்காகக் கட்டப்பட்டவை அல்ல. எனினும் அடுத்தது எந்தத் திசையில் இருக்கும் என்பதில் ஐயம் எழவில்லை, ஏனெனில் தண்டவாளம் போகும் திசையில்தான் அதுவும் இருந்தாக வேண்டும். அந்த ஒரு வகையில் வைமனின் நிலை அவருக்குப் பின் சாலையில் வந்தவர்களுடைய நிலையைவிடத் தெளிவானது என்றே கூற வேண்டும்.

சாலைகள் உருவாகத் தொடங்கியபோது இந்தத் தெளிவு குலைந்தது. அன்றைய ஹோட்டல்கள் நகரின் நடுவில், ரயில் நிலையத்தை ஒட்டி, பெட்டியுடன் வந்திறங்கும் வணிக முகவர்களை எதிர்பார்த்துக் கட்டப்பட்டவை. சேறு அப்பிய உடையோடும் எண்ணெய்க் கறை படிந்த கைகளோடும் பளிங்குத் தரையிட்ட வரவேற்புக் கூடத்தைக் கடந்து செல்வதும், பெட்டி தூக்குபவருக்கும் கதவு திறப்பவருக்கும் அன்பளிப்பு கொடுப்பதும், வண்டியை வேறெங்கோ ஒரு கொட்டகையில் விட்டுவர நேர்வதும் சாலைப் பயணிகளுக்குக் கசப்பாக இருந்தன. நியூயார்க்கையும் சான் பிரான்சிஸ்கோவையும் இணைக்கும் லிங்கன் நெடுஞ்சாலை 1913இல் அறிவிக்கப்பட்டதும், அதை முன்னெடுத்த சங்கம் வழியிலுள்ள ஊர்களில் எங்கே தங்கலாம், எங்கே எரிபொருள் கிடைக்கும், எங்கே கூடாரம் அடிக்கலாம் என்பனவற்றைத் தொகுத்து வழிகாட்டி நூல் வெளியிட்டது. இரவுத் தங்கல் பற்றிய தகவல் தானே ஒரு பண்டமாக மாறியதற்கு இதைத் தொடக்கக் காலச் சான்றாகக் கொள்ளலாம்.

அந்த ஆண்டுகளில்தான் பெண்களும் இப்பாதையில் இறங்கினர். புரூக்ளினைச் சேர்ந்த எஃபி ஹாட்ச்கிஸ், தம் தாய் ஏவிஸை சைட்கார் எனப்படும் பக்கவாட்டுப் பெட்டியில் அமர்த்தி, 1915இல் ஹார்லி-டேவிட்சன் வண்டியில் பசிபிக் கரைவரை சென்று திரும்பினார். மறு ஆண்டு அகஸ்டா, அடலின் வான் பியூரன் என்ற சகோதரிகள் ஆளுக்கொரு ‘இந்தியன்’ வண்டியில் புரூக்ளினிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ்வரை சென்றனர். தோலால் ஆன ஓட்டுநர் உடை ஆண்களுக்குரியது என்று கூறி வழியில் சிற்றூர்க் காவலர்கள் அவர்களைப் பிடித்து நிறுத்தியதும் உண்டு. பகலில் சாலையிலேயே இவ்வளவு தடை என்றால், அதே உடையில் மாலை வேளையில் ஒரு விடுதியின் முன் சென்று நிற்பது எளிதாக இருந்திருக்காது.

ஹோட்டலைத் தவிர்க்க விரும்பியவர்களுக்கு முதலில் கிடைத்த மாற்று, நகராட்சிகள் நடத்திய இலவசக் கூடார மைதானங்கள். முதல் உலகப் போருக்குப் பிந்தைய சில ஆண்டுகளில் மேற்கு, நடுமேற்கு ஊர்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டுக்கொண்டு தண்ணீர், கழிப்பறை, விறகு அடுப்பு ஆகிய வசதிகளுடன் மைதானங்களைத் திறந்தன. டென்வர் நகரின் ஓவர்லேண்ட் பூங்கா இவற்றில் பெரும் புகழ் பெற்றது. இதில் தருமசிந்தனை குறைவு. தங்கும் பயணி உள்ளூர்க் கடைகளில் பணம் செலவிடுவார் என்ற கணக்கே மிகுதி. ஏழைகளும் வேலை தேடி அலைந்தவர்களும் அம்மைதானங்களில் வாரக்கணக்கில் தங்கத் தொடங்கியதும் 1920களின் நடுப்பகுதியில் அந்தக் கணக்கு பொய்த்தது. இலவசம் நின்று, இரவுக்கு இத்தனை சென்ட் என்று கட்டணம் வந்தது. கட்டணம் வந்ததும் தனியார் அத்தொழிலில் நுழைந்தனர். கூடாரத்துக்கு மாற்றாக மரப்பலகைக் குடில்களை வரிசையாகக் கட்டினர். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் நிலம் வைத்திருந்த விவசாயிகள்கூட சாலையோரத்தில் நான்கைந்து குடில்களை எழுப்பி வருமானம் தேடிக்கொண்டனர்.

மோட்டார் சைக்கிள் பயணிக்கு இந்த மாற்றம் பெரிய விடுதலையாக அமைந்தது. கூடாரத்தைச் சுமக்க வேண்டிய தேவை நீங்கியது. வண்டியைக் கதவருகிலேயே நிறுத்த முடிந்தது. நனைந்த உடையைக் குடிலுக்குள் காயப்போட்டாலும் எவரும் முகம் சுளிக்கவில்லை. இவ்வமைப்பைச் சற்றே சீராக்கி, எல்லா அறைகளையும் ஒரு முற்றத்தைச் சுற்றி அமைத்து, ஒவ்வோர் அறைக்கும் குளியலறையும் வண்டிக் கொட்டகையும் சேர்த்துக் கட்டியவர் ஆர்தர் ஹைன்மன் என்ற கட்டடக் கலைஞர். லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே, அன்றைய வேகத்தில் இரண்டு நாள் பிடிக்கும் பயணத்தின் நடுவில் அமைந்த சான் லூயி ஒபிஸ்போ என்னும் ஊரில், 1925 டிசம்பரில் அவர் திறந்த அந்த விடுதிக்கு மோட்டல் என்று பெயர் சூட்டப்பட்டது. ஓர் இரவு தங்க ஒன்றேகால் டாலர். அப்பெயரைத் தமக்கே உரியதாகப் பதிவு செய்துகொள்ள ஹைன்மனால் இயலாமற்போனதால், அது விரைவில் அவ்வகை விடுதிகள் அனைத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டது.

குடில் விடுதிகளின் பெயர் அப்படியொன்றும் நற்பெயராக இருக்கவில்லை. கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பின் தலைவராக இருந்த ஜே. எட்கர் ஹூவர், அவை குற்றவாளிகளின் மறைவிடங்கள் என்று குற்றஞ்சாட்டி 1940இல் ஒரு மாத இதழில் கட்டுரை எழுதினார். பெயரும் முகவரியும் கேட்காமல், பணம் வாங்கிக்கொண்டு சாவி கொடுக்கும் எளிமையையே அவர் ஆபத்தாகக் கண்டார். களைத்துப்போய் இருட்டில் வந்துசேரும் பயணிக்கு அதே எளிமைதான் பெரும் வசதி.

ஆனால் அந்த எளிமை வெள்ளையருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. தென் மாநிலங்களில் சட்டத்தின் பெயராலும், ஏனைய இடங்களில் வழக்கத்தின் பெயராலும், கறுப்பினப் பயணிகளுக்கு விடுதிகள் அறை தர மறுத்தன. இதன் கடுமையைப் பெஸ்ஸி ஸ்ட்ரிங்ஃபீல்டின் வாழ்க்கை காட்டுவதுபோல் வேறெதுவும் காட்டுவதில்லை. 1911இல் பிறந்த இக்கறுப்பினப் பெண் 1930களிலும் 1940களிலும் தனியாளாக ஹார்லி வண்டியில் எட்டு முறை நாட்டைக் குறுக்கே கடந்தார். வரைபடத்தின் மேல் காசைச் சுண்டி, அது விழும் இடத்தை நோக்கிப் புறப்படுவது அவர் வழக்கமாக இருந்தது. அவருடைய பிறப்பு, இளமை பற்றி அவர் சொன்ன செய்திகளில் சில ஆவணங்களோடு பொருந்தவில்லை என்பதை ஆய்வாளர்கள் சுட்டியுள்ளனர். ஆனால் இரவுகளைப் பற்றி அவர் கூறியவற்றை ஐயுறக் காரணமில்லை. கறுப்பினக் குடும்பம் ஏதேனும் அடைக்கலம் தந்தால் அங்கே தங்குவார். கிடைக்காத இரவில் பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தி, மேற்சட்டையைச் சுருட்டிக் கைப்பிடிக்கு மேல் தலையணையாக வைத்து, பின்சக்கர மூடியின் மேல் காலை நீட்டி, வண்டியின் மேலேயே உறங்குவார். திக்கை நாணயத்திடம் விட்டுவிடும் துணிவு உடையவர்கூட, இரவைத் தற்செயலிடம் விட்டுவிட முடியாத காலம் அது.

இதே இக்கட்டுக்கு விடை காண முயன்றவர் விக்டர் ஹியூகோ கிரீன் என்னும் தபால்காரர். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த அவர், கறுப்பினப் பயணிகளை ஏற்றுக்கொள்ளும் விடுதிகள், உணவகங்கள், பழுது பார்க்கும் கடைகள் ஆகியவற்றின் முகவரிகளைத் தொகுத்து 1936இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். ‘கிரீன் புக்’ என்று அழைக்கப்பட்ட அது முதலில் நியூயார்க் வட்டாரத்தை மட்டுமே உள்ளடக்கியிருந்து, பிறகு நாடு முழுமைக்கும் விரிந்தது. அதில் இடம்பெற்றவற்றில் ‘டூரிஸ்ட் ஹோம்’ எனப்பட்டவை கணிசமானவை. தம் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கிப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் குடும்பங்களின் இல்லங்களே அவை. பிற எண்ணெய் நிறுவனங்கள் ஒதுங்கி நின்றபோது எஸ்ஸோ நிறுவனத்தின் பெட்ரோல் நிலையங்கள் இந்நூலை விற்றன. 1960களின் நடுப்பகுதி வரை அது வெளிவந்துகொண்டிருந்தது.

1964 ஜூலை 2 அன்று குடிமை உரிமைகள் சட்டம் நிறைவேறியதும், விடுதிகள் இனத்தின் பெயரால் எவரையும் மறுப்பது சட்டத்துக்குப் புறம்பாயிற்று. ஜார்ஜியா மாநிலத்தில் 216 அறைகள் கொண்ட ‘ஹார்ட் ஆஃப் அட்லாண்டா’ மோட்டலின் உரிமையாளர் உடனே வழக்குத் தொடுத்தார். தம் அறையை யாருக்கு விடுவது என்பது தம் உரிமை என்பது அவர் வாதத்தின் சாரம். அதே ஆண்டு டிசம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பின் அடிப்படை இக்கட்டுரைக்கு மிகவும் நெருக்கமானது. அம்மோட்டலின் விருந்தினரில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் வெளி மாநிலத்தவர். நெடுஞ்சாலைப் பலகைகளில் விளம்பரம் செய்து பயணிகளை அழைத்தவரும் அவரே. இரவில் இடம் கிடைக்குமா என்ற நிச்சயமின்மை ஒருவரைப் பயணத்திலிருந்தே தடுத்துவிடும் என்பதால் அது மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைப் பாதிக்கிறது என்று நீதிமன்றம் கண்டது. கறுப்பினப் பயணிகளுக்கெனத் தனி வழிகாட்டி நூல் தேவைப்பட்டதையே அந்தத் துன்பத்துக்குச் சான்றாகவும் அது எடுத்துக்கொண்டது.

கதவு மறுக்கப்பட்ட இன்னொரு கூட்டமும் உண்டு. அந்த மறுப்பை இனப்பாகுபாட்டோடு ஒரே தட்டில் வைப்பது தவறு. எனினும் தங்கல் வரலாற்றில் அதற்கும் இடமுண்டு. அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்தின் ஆதரவில் நடந்த ‘ஜிப்ஸி டூர்’ என்னும் கூட்டுப் பயணங்களில் ஓட்டுநர்கள் ஓர் ஊரில் கூடிப் பந்தயமும் விருந்துமாகச் சில நாள் கழிப்பர். கலிபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்ற ஊரில் 1947 ஜூலையில் இவ்வாறு கூடியவர்கள் சுமார் நான்காயிரம் பேர். ஊரின் மக்கள்தொகையும் கிட்டத்தட்ட அவ்வளவே. இருந்த சொற்ப அறைகள் நிரம்பியதும் மற்றவர்கள் புல்வெளிகளிலும் நடைபாதைகளிலும் படுத்தனர். குடியும் சண்டையும் நடந்தது மெய். ஆனால் பத்திரிகைகள் அதை ஊரையே கைப்பற்றிய கலவரமாகச் சித்தரித்தன, அதிலிருந்து பிறந்த கதை 1953இல் மார்லன் பிராண்டோ நடித்த படமாகவும் வந்தது. இதன் பிறகு தோலுடை அணிந்து வருபவரைக் கண்டதும் ‘அறை காலியில்லை’ என்று சொல்லிவிடுவது பல விடுதிகளில் வழக்கமாயிற்று. பிற்காலத்தில் மினசோட்டா போன்ற மாநிலங்கள், மோட்டார் சைக்கிளில் வந்தார் என்பதற்காகவோ சங்கச் சின்னம் அணிந்திருக்கிறார் என்பதற்காகவோ ஒருவரைப் பொது இடங்களில் மறுக்கக்கூடாது என்று சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

அறையை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளும் முறை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே பரவலாயிற்று. கலிபோர்னியாவைச் சேர்ந்த எம். கே. கெர்ட்டின் 1946இல் தொடங்கிய ‘பெஸ்ட் வெஸ்டர்ன்’ தொடக்கத்தில் ஒரு விடுதிச் சங்கிலியாக இருக்கவில்லை. தனித்தனி உரிமையாளர்கள், காலையில் கிளம்பும் விருந்தினருக்காக அடுத்த ஊரின் உறுப்பினர் விடுதிக்குத் தொலைபேசியில் சொல்லி வைக்கும் ஏற்பாடே அது. மோட்டார் சைக்கிள்காரருக்கு இதைவிடப் பொருத்தமான முறை பின்னர் எப்போதும் வாய்க்கவில்லை எனலாம். வானிலையைப் பார்த்து, உடல் அலுப்பைப் பார்த்து, அன்றைய தொலைவை அன்று காலையில் தீர்மானித்துக்கொள்ள அது இடமளித்தது. கெமன்ஸ் வில்சன் 1952இல் மெம்ஃபிஸ் நகரில் தொடங்கிய ‘ஹாலிடே இன்’ வேறு திசையில் சென்றது. எங்கு போனாலும் ஒரே அளவு அறை, ஒரே தரம் என்பது அதன் கொள்கை. 1965இல் அது கொண்டுவந்த கணினி முன்பதிவு, ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள அறையையும் நொடியில் ஒதுக்க வகைசெய்தது. ஆனால் முன்பணம் கட்டாத அறையை மாலை 6 மணிக்கு மேல் பிறருக்குக் கொடுத்துவிடும் வழக்கம் இத்தொழிலில் பரவலாக இருந்தது. மழைக்கு ஒதுங்கி மூன்று மணி நேரம் இழந்தவருக்கு முன்பதிவும் கைகொடுக்கவில்லை.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 41,000 மைல் நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட மாநிலங்களிடை விரைவுச் சாலைகள், பழைய நெடுஞ்சாலை ஊர்களை ஒதுக்கிவிட்டுச் சென்றன. அங்கிருந்த சிறு மோட்டல்களின் விலை சரிந்தது. 1965இன் குடியேற்றச் சட்டத் திருத்தத்துக்குப் பின் இந்தியாவிலிருந்தும், 1972இல் இடி அமீன் வெளியேற்றிய பின் உகாண்டாவிலிருந்தும் வந்த குஜராத்தியர் பலர் இவற்றை வாங்கினர். கலிபோர்னியாவில் அவர்களுடைய முன்னோடிகள் 1940களிலேயே விடுதித் தொழிலில் கால்பதித்திருந்தனர். அதில் ஒரு வாய்ப்பு, ஜப்பானிய அமெரிக்க உரிமையாளர்கள் போர்க்காலத் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டதால் பிறந்தது என்பது மகிழ்ச்சியோடு நினைக்கத்தக்க செய்தி அன்று. குடும்பம் முழுவதும் வரவேற்பு மேசைக்குப் பின்னாலுள்ள அறையிலேயே வாழ்ந்து, துணி வெளுப்பது முதல் கணக்கு எழுதுவது வரை தாமே செய்ததால், கூலிச் செலவு குறைந்தது. நள்ளிரவில் மணி அடித்தாலும் எழுந்து வந்து சாவி கொடுக்க ஒருவர் இருந்தார். போட்டியாளர்கள் சிலர் ‘அமெரிக்கருக்குச் சொந்தமானது’ என்று பலகை மாட்டி இவர்களைப் புறந்தள்ள முயன்றனர். காப்பீட்டு நிறுவனங்களும் தயங்கின. இப்பின்னணியில் அட்லாண்டாவில் 1989இல் ஆசிய அமெரிக்க விடுதி உரிமையாளர் சங்கம் உருவானது. இன்று அந்நாட்டு மோட்டல்களில் ஏறத்தாழப் பாதி இந்திய வம்சாவளியினரிடம் இருப்பதாகக் கணிக்கப்படுகிறது.

விடுதித் தொழிலை நம்பாமல் ஓட்டுநர்கள் தமக்குள்ளேயே செய்துகொண்ட ஏற்பாடுகளும் குறிப்பிடத்தக்கவை. பி.எம்.டபிள்யூ. வண்டி உரிமையாளர்களின் அமெரிக்கச் சங்கம், உறுப்பினர்களுக்கென ஒரு கையடக்கப் புத்தகம் அச்சிட்டது. அதில் பெயர்கள் இல்லை. ஊர்வாரியாகத் தொலைபேசி எண்களும், அந்த எண்ணுக்குரியவர் கருவி தருவாரா, கூடாரம் அடிக்கப் புல்வெளி தருவாரா, படுக்கை தருவாரா என்பதைக் குறிக்கும் எழுத்துகளும் மட்டுமே இருக்கும். இதற்கு நேர்மாறான ஓர் எல்லையில் ‘அயர்ன் பட்’ சங்கத்தினர் நிற்கின்றனர். 24 மணி நேரத்தில் 1,000 மைல் கடப்பதையே நுழைவுத் தகுதியாகக் கொண்ட இவர்கள், சாலையோர இளைப்பாறு திடல்களின் சாப்பாட்டு மேசை மேல் தலைக்கவசத்தோடு சற்றுக் கண்ணயர்வதை ‘அயர்ன் பட் மோட்டல்’ என்று கேலியாகக் குறிப்பிடுவர்.

தெற்கு டகோட்டாவின் ஸ்டர்ஜிஸ் ஊரில் கதை வேறு விதமாகத் திரும்பியது. ‘இந்தியன்’ வண்டி விற்பனையாளரான கிளாரன்ஸ் ஹோலும் அவர் சார்ந்த ‘ஜாக்பைன் ஜிப்சீஸ்’ சங்கமும் 1938 ஆகஸ்டில் ஒரு சிறு பந்தயத்தோடு தொடங்கிய திருவிழா அது. தொடக்க ஆண்டுகளில் வந்தவர்கள் ஹோல் வீட்டு முற்றத்திலேயே கூடாரமடித்தனர். அவர் மனைவி பெர்ல் அவர்களுக்குச் சமைத்தார். கூட்டம் பெருகப் பெருக நகரப் பூங்காவும் போதவில்லை. 1980களின் தொடக்கத்தில் ஊருக்கு வெளியே ‘பஃபலோ சிப்’ போன்ற தனியார் கூடாரத் திடல்கள் தோன்றின. சுமார் ஏழாயிரம் பேர் வாழும் இவ்வூருக்கு 75ஆம் திருவிழா நடந்த 2015இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்ததாக மாநில நிர்வாகம் மதிப்பிட்டது. அவ்வாரத்தில் ஊர் மக்கள் பலர் வீட்டை வாடகைக்கு விட்டு உறவினர் ஊருக்குப் போய்விடுகின்றனர். தோட்டத்துப் புல்வெளியும் இரவுக் கணக்கில் விலை போகிறது. ஹாலிஸ்டரில் கலவரத்தின் அடையாளமாகக் காட்டப்பட்ட புல்வெளி உறக்கம், இங்கே வீட்டுக்காரரின் ஆண்டு வருமானத்தில் ஒரு பகுதியாகிவிட்டது.

பெரிய சங்கிலி விடுதிகள் அண்மைப் பத்தாண்டுகளில் அறைக்கதவுகளைக் கட்டடத்தின் உட்புற நடைக்கூடத்தை நோக்கித் திருப்பிவிட்டதால், வண்டியைக் கண்ணெதிரே நிறுத்திவைக்கும் பழைய வசதி அருகிவருகிறது. அதைத் தேடுபவர்கள் 1985இல் அதிகாரப்பூர்வப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட 66ஆம் எண் நெடுஞ்சாலைக்கு வருகின்றனர். நியூ மெக்சிகோவின் டுகும்காரியில் 1939இல் கட்டப்பட்ட ‘புளூ ஸ்வாலோ’ மோட்டலில் ஒவ்வோர் அறையை ஒட்டியும் வண்டிக் கொட்டகை இன்னும் இருக்கிறது. கோடையில் அங்கு வருபவர்களில் வெளிநாட்டவர் பலர். சிகாகோவிலோ லாஸ் ஏஞ்சல்ஸிலோ ஹார்லி வண்டியை வாடகைக்கு எடுத்து, சுற்றுலா நிறுவனத்தின் வழிகாட்டலில் குழுவாக வருகின்றனர். அவர்கள் விமானம் ஏறுவதற்கு மாதங்கள் முன்பே, இரண்டு வாரப் பயணத்தின் ஒவ்வோர் இரவுக்கும் எந்த ஊரில் எந்த விடுதி என்பது அச்சிட்ட அட்டவணையாக அவர்கள் கைக்குச் சென்றுவிடுகிறது.